ராஜப்பா மேஸ்திரியின் வாசனை

ஆடி 5, ஞாயிறு

காவேரி அருவியிலிருந்து கம்பியில் கரண்டு வந்து சுரங்க இயந்திரங்களை ஓட்டத் தொடங்கிய வருஷம். 1902 என்கிறான் ஏனோக். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, என் கேங்கில் வேலை செய்யும் ஏனோக் எழுதுகிறான். மிஷன் பள்ளியில் படித்தவன். கொச்சையைத் திருத்திவிடுவான்.

நந்திதுர்க் சுரங்கத்தில் பாறைத் துளைகளில் வெடிமருந்து அடைக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. பெண்சாதி செத்துப்போய் ஆறு வருஷம். கூழ்க்கடைத் தாயம்மாவைக் கட்டிக்கொள்ள ஆசை. இன்று கேட்டேவிட்டேன்.

"நீ நல்ல ஆளுதான் மேஸ்திரி. ஆனா கிட்ட வந்து குந்தினா தலை பொளக்குது. மருந்து நாத்தம்."

பொய்யில்லை. மருந்து பட்ட சட்டை பக்கத்தில் வந்தாலே பழகாதவர்களுக்குத் தலைவலிதான். எனக்கென்று ஒரு வாசனை வேண்டும். ராஜப்பா வருகிறான் என்று தெருமுனையிலேயே தெரிய வேண்டும்.

ஆடி 7

ராபர்ட்சன்பேட்டை. அத்தர்கார சாயபு என் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தடவித் தீர்த்தார்.

"இது நவாபு போடறது."

"நவாபு ஷாஃப்டுல இறங்குவாரா?"

கடைசியில் மல்லிகை அத்தர்.

ஆடி 8

புத்தி எங்கே போயிற்று? பூ வாசனையோடு சுரங்கத்தில் இறங்கினால் முனி பின்னால் வரும் என்று புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்! சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் கூண்டில் ஏறியவர்கள் மொத்தமாக இறங்கிவிட்டார்கள். முதலில் குதித்தவன் ஏனோக்.

"உனக்கு இன்னாடா பயம்? ஏசு இருக்காரே?"

"அவரு மேல இருக்காருண்ணா. முனி கீழ இருக்குது."

இதை எழுத மாட்டேன் என்றான். எழுதுடா என்றேன்.

ஆடி 12

ஜவ்வாது, புனுகுப்பூனைச் சரக்கு. "பூனையக் கட்டிப் புடிச்சிக்கினு தூங்கினியா?" என்றாள் தாயம்மா. தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கூழ் ஊற்றினாள். உப்பே இல்லை.

ஆடி 13

பச்சைக் கற்பூரம். விபூதி கேட்டுக் கையை நீட்டினாள்.

ஆடி 19

சந்தையில் மரிக்கொழுந்து வாங்கினேன். ஒரு பானையில் சலவைச் சட்டையை வைத்து மேலே கட்டுக் கட்டாக அடைத்து மூடினேன். ஷிஃப்ட் முடிந்து குளித்ததும் போட்டுக்கொள்ள.

ஆடி 21

தலைப்பாகையில் ஒரு கொத்து செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன். கேஜ் வாசலில் பஞ்சாயத்து. மரிக்கொழுந்து பூவா, இலையா? பெண்கள் பூவோடு சேர்த்துத்தானே கட்டுகிறார்கள் என்றான் ஒருவன். கசக்கிப் பார்த்தார்கள், மென்றும் பார்த்தார்கள். "இலைதான். முனிக்கு இதுல வேலை இல்ல," என்று ஏனோக் தீர்ப்புச் சொன்னான். கேஜ் இறங்கியது. மேலே நின்ற துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆடி 26, ஞாயிறு

பானைச் சட்டையோடு போய் உட்கார்ந்தேன். ஒரு கலயம் ஆயிற்று. கேட்காமலே இன்னொன்று ஊற்றினாள்.

"இன்னிக்குத் தலை நோவலையே மேஸ்திரி."

கலயத்தைக் கீழே வைத்தேன்.

"ஆடி போவட்டும். ஆனா எங்க வழக்கம் ஒண்ணு இருக்குது. செத்துப்போனவளோட பொறந்த வீட்டு ஆளு தட்டு எடுத்துக்கினு வந்து கேக்கணும். அவங்களுக்கு மனசு இல்லன்னா எனக்கும் வேணாம்."

ஐயோ! அந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு போவேன்? ஆறு வருஷமாக அந்தப் பக்கமே தலைகாட்டவில்லையே!

ஆவணி 4

நேற்று பேத்தமங்களா போனேன். என் பெண்சாதியின் அக்கா சம்பங்கி ஏரிக்கரையில் நாற்றுக்கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கிட்டே வந்து முகர்ந்தாள்.

"இன்னா வாசன இது! எந்தங்கச்சி இருந்தப்ப ஒரு நாளாவது இப்படி வந்து நின்னியா நீ?"

சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு கரையோரத்து வீட்டுக்குள் போனாள். புளி போட்டுத் தட்டு தேய்க்கும் சத்தம் கேட்டது.

இன்று காலை வந்து சேர்ந்தோம். மாமனார், மாமியார், மச்சான்மார் எல்லாரும் போய்விட்டார்கள். அந்த வீட்டில் உயிரோடு மிச்சம் இவள் ஒருத்திதான். வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு, கூழ்க்கடைச் சந்தில் எனக்கு முன்னால் நடந்தாள் சம்பங்கி.