எதிர்முனைக்காரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. இங்க நான், உன் தம்பி, என் முழங்கால் வலி எல்லாரும் சௌக்கியம். அங்க நீயும் மாப்பிள்ளையும் நல்லா சாப்பிட்டு, நல்லா தூங்கி, நல்லா இருக்கணும்.

சலவைக்கூடத்துல என்ன சண்டைன்னு போன்ல கேட்டியே, அன்னிக்குத் தம்பி பக்கத்துல இருந்தான், அவனுக்குப் பரீட்சை, காதுல விழ வேணாம்னு பேச்சை மாத்திட்டேன். இப்ப கேளு. ஆஸ்பத்திரி விரிப்பு மடிக்கிறதுக்குப் புது மெஷின் வந்திருக்கு. முன்னாடி ஒரு விரிப்புக்கு ரெண்டு பேரு, ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிப்போம். இப்ப ஒருத்தி ஓரத்தை உள்ள கொடுத்தா போதும், அந்தப் பக்கம் அழகா மடிஞ்சு விழுது. பொய் சொல்லக் கூடாது, எனக்கு அந்த மெஷினை ரொம்பப் பிடிச்சிருக்கு, தோள்பட்டை வலி பாதி குறைஞ்சிடுச்சு. ஒரு ஆள் செய்யுற வேலை கூடினா நாடே வளரும், எல்லாருக்கும் நல்லதுன்னு நீ படிச்சதைச் சொன்னே. சரிடி, வளரட்டும். முதலாளி பக்கத்துக் கட்டடத்தையே வாங்கிட்டாரு, வளர்ந்துதான் இருக்கு. ஆனா ஜோடிக்கு ஒருத்தி வீட்டுக்குப் போகணுமாம், அது யாருன்னு நீங்களே பேசிப் பேரைக் கொடுங்கன்னு சூப்பர்வைசர் சொல்றான். எங்க கையாலயே எங்க கண்ணைக் குத்திக்கணுமாம், என்ன நெஞ்சழுத்தம் பாரு!

என் எதிர்முனைக்காரி, அதான் நீ வாயாடி அத்தைன்னு கூப்பிடுவியே, அன்னிக்குச் சாப்பாட்டு நேரத்துல ஆளையே காணோம். என்னடான்னு பார்த்தா எனக்குத் தெரியாமப் போய்த் தன் பேரையே கொடுத்துட்டு வந்திருக்கா. உனக்குப் படிக்கிற பையன் இருக்கான், எனக்கு யாரு இருக்காங்கன்னு கேக்குறா. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! நான் செத்தா போயிட்டேன்னு கத்தி, கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போய் சூப்பர்வைசர் முன்னாடி நிறுத்தினேன். இவ பேரை அடிங்க சார், காலையில நான் நிக்கிறேன், மத்தியானம் இவ நிப்பா, சம்பளம் ரெண்டு பேருக்கும் முழுசா வேணும், மெஷின் மிச்சம் பிடிச்ச நேரத்துல எங்களுக்கும் பங்கு உண்டுன்னேன். அது எப்படிம்மா நடக்கும்னு சிரிச்சான். சிரிச்ச வாய் மூடுறதுக்குள்ள மத்த ஜோடிங்களும் வந்து எங்க பின்னாடி நின்னுட்டாங்க. யாரும் பேர் கொடுக்க மாட்டோம்னுட்டாங்க. அவன் முதலாளிக்குப் போன் போட ஓடினான்.

திங்கக்கிழமை முதலாளியே வர்றாராம். வேலை போனாலும் போகும். பேசாம என்கூட வந்துடும்மான்னு நீ சொல்லுவே, தெரியும். உன் வீட்டைப் பார்க்க ஒருநாள் கண்டிப்பா வருவேன், ஒளிஞ்சுக்க வர மாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாம நூறு வயசு இருக்கணும். குளிர்ல காதை மூடிக்கிட்டுப் போ. திங்கக்கிழமை நான் போன் எடுக்கலன்னா பயந்துடாதே. நானும் உன் வாயாடி அத்தையும் ஒண்ணா உள்ள வேலையில இருப்போம், இல்ல ஒண்ணா வெளியே நிப்போம்.

உன் நினைப்பாவே இருக்கிற,
பிடிவாதக்கார அம்மா