பவுடர் குச்சி படாத முகம்

அம்மா,

இன்று காலை மாடிக் குளியலறையில், படம் கழுவ வேண்டிய ஸ்டாப் பாத் அமிலத்தைக் கலக்கினேன். பாட்டில் மூடியைத் திறந்ததுமே அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியது. "யாரு வீட்லட்டி ஊறுகா ஜாடி ஒடஞ்சிது?" என்று கீழேயிருந்து குரல் வரவில்லை. ஒவ்வொரு சீசனிலும் முதல் நாள் நீ தவறாமல் கேட்கும் கேள்வி. நானும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லாமல் எரிச்சல்பட்டிருக்கிறேன். இன்று மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

மேலகரம் வீட்டு மாடிக் குளியலறையை இருட்டறையாக மாற்றப்போகிறேன் என்று சொன்னபோது நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "குளிக்கிற எடத்துல படத்தக் குளிப்பாட்டப் போறியா?" என்றாய். ஜன்னலில் கறுப்புத் துணி அடித்து, சிவப்பு பல்பு போட்டதும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஜீப்பு லைட்டு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாய். காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு வேறு எது நினைவுக்கு வரும்.

கல்லூரியில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வருவார்கள். ஃபிலிம் கேமராவில் படமெடுத்து, தாங்களே கழுவி, தாங்களே பிரிண்ட் போடுவார்கள். அதற்குக் குற்றாலச் சீசன்தான் வசதி. கோடையில் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். அதில் ஃபிலிமைப் போட்டால் மேல்பூச்சு கொழகொழத்துவிடும். சாரல் தொடங்கிவிட்டால் குழாயில் வரும் தண்ணீரே படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் கரைசலுக்கு ஏற்ற குளிர்ச்சியில் இருக்கும், ஐஸ் வாங்க அலைய வேண்டாம். மலை எங்களுக்கு இனாமாகச் செய்துதரும் வேலை அது. ஊர் முழுக்கத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குப் போகும்போது நாங்கள் மட்டும் இருட்டுக்குள் போய் கதவைச் சாத்திக்கொள்வோம்.

நீ அந்தப் பிள்ளைகளை நன்றாக மிரட்டினாய். குழாயைத் திறந்துபோட்டால் திட்டு, செருப்பை வாசலில் ஒழுங்காக விடாவிட்டால் திட்டு. அவர்களோ "ஆச்சி, ஆச்சி" என்று உன்னையே சுற்றி வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டு ரகளை செய்தவனை ஒற்றை ஆளாகச் சட்டையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுத்துப்போன கதையை எத்தனை முறை சொல்லச் சொல்லிக் கேட்டிருப்பார்கள். ஆனால் அப்பேர்ப்பட்ட ஏட்டம்மா, யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி அடுக்களைக்குள் போய்விடுவாள். அடுப்பில் பால் இருக்காது. வேலைக்கான அடையாள அட்டைக்கு மட்டும் நின்றாய். அது உத்தரவு, வேறு வழியில்லை.

என் கல்யாண ஆல்பத்தில் நீ இல்லை. பேரப்பிள்ளையின் காதுகுத்துப் படத்தில் உன் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. ஏன் என்று நான் கேட்டதுண்டு. "எனக்கு ஒப்பாது" என்பாய். அதற்கு மேல் உன் வாயிலிருந்து ஒன்றும் வராது என்று தெரியும், விட்டுவிடுவேன்.

போன சீசனில் அந்தச் சனிக்கிழமை. மலையில் விடாத மழை, மெயின் அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை போட்டுக் கயிறு கட்டிவிட்டார்கள். அருவிக்கரையில் படமெடுக்கலாம் என்று வந்த பிள்ளைகள் நம் வீட்டு வராந்தாவில் முடங்கிக் கிடந்தார்கள். சரி, ஒருவரையொருவர் முகம் எடுங்கள் என்றேன். எல்லோரும் எடுத்து முடித்த பிறகு இசக்கிக்கு மட்டும் ஒரு படம் மீதியிருந்தது. இலஞ்சியிலிருந்து வரும் பெண், வாய் சும்மா இருக்காது. நீ அப்போதுதான் மாடிக் கொடியிலிருந்த துணிகளை வாரிக்கொண்டு நனைந்தபடி இறங்கி வந்தாய்.

"ஆச்சி, இன்னும் ஒரு படந்தான் இருக்கு. ஒங்கள எடுக்கட்டா?"

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பால் வைத்திருக்கும் கதைதான் வரும் என்று நினைத்தேன். நீ துணியை நாற்காலியில் போட்டுவிட்டு அவள் கையிலிருந்த கேமராவைப் பார்த்தாய்.

"இதுல எடுத்தா ஒடனே பாக்க முடியாதுல்லா?"

"முடியாது ஆச்சி. எடுத்தவளுக்கே கழுவுன பொறவுதான் தெரியும்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்பம் எடு. ஆனா என் படத்த வெளிய எடுக்கும்போது நான் அங்கன நிப்பேன். எனக்குத் தெரியாம என் மொகத்துல யாரும் ஒரு வேலயும் பண்ணக் கூடாது."

முந்தானையால் முகத்தைக்கூடத் துடைக்காமல் கதவுநிலை ஓரம் நின்றாய். இசக்கிக்கு ஆச்சரியமில்லை, அவளுக்கு என்ன தெரியும். நான்தான் திரும்பி உன்னையே பார்த்தேன். ஷட்டர் விழும் சத்தம் கேட்டது. நீ துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

அந்த வாரம் நெகட்டிவ் காய்ந்ததும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் தெரியும் என்று சொல்லித் தந்தேன். "பாத்தியா, இதுல நான் வெள்ளக்காரி" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பில் என்னவோ இருந்தது. என்னவென்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாம் மூன்று பேரும் இருட்டறைக்குள் போனோம். நீ கழுவுதொட்டியை ஒட்டிச் சுவரோரம் நின்றாய். இசக்கி நெகட்டிவை, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் பொருத்தி, விளக்கைப் போட்டாள். நெகட்டிவ் வழியாக வெளிச்சம் கீழே இருக்கும் தாளில் விழும்; எங்கே கூடுதலாக விழுகிறதோ அங்கே தாள் கறுக்கும். ஒரு இடம் வெளுப்பாக வேண்டுமென்றால், ஈர்க்குச்சியில் ஒட்டிய சின்ன அட்டை வட்டத்தை அந்த இடத்துக்கு மேலே ஆட்டிக்கொண்டே பிடித்து வெளிச்சத்தை மறைக்க வேண்டும். அந்தக் குச்சிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பவுடர் குச்சி. நான் சொல்லித்தந்தது பின்னணிக்கும் நிழலுக்கும். அவர்கள் கை போவது முகத்துக்கு. கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது கை தானாகப் பவுடர் டப்பாவைத் தேடுமே, அப்படி. யாரும் யாருக்கும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

இசக்கியும் ஆசையாகக் குச்சியை எடுத்து உன் முகத்துக்கு மேலே ஆட்டினாள். "ஆச்சிக்குக் கொஞ்சம் பவுடர் போடுதேன்" என்றாள்.

தாளை டெவலப்பரில் போட்டோம். தட்டை லேசாக அசைத்தோம். கொஞ்ச நேரத்தில் கதவுநிலை தெரிந்தது, புடவைக் கரை தெரிந்தது, முகம் வந்தது. வெளுத்த முகம். உன் மூக்கு, உன் கண், ஆனால் பூசி மெழுகிய மாதிரி. நீ குனிந்து பார்த்தாய். பிறகு யாரோ சொன்னதைச் சொல்லும் குரலில், "போட்டோல இருக்க பிள்ளைய வரச்சொல்லுங்க" என்றாய்.

இசக்கி திருதிருவென்று என்னைப் பார்த்தாள். நீ தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய்.

"போலீஸ் ட்ரெய்னிங் முடிச்சு வந்த வருசம். வெயில்ல ஓடி ஓடி இன்னும் கறுத்துக் கெடந்தேன். மாப்ள வீட்டுக்கு அனுப்பணும்னு தென்காசில போட்டோ எடுத்தாவ. ஸ்டூடியோக்காரன் நெகட்டிவ்ல பென்சில வச்சு தேச்சு தேச்சு என்னைய வெளுக்க வச்சிட்டான். எங்க அப்பாவுக்கு ரொம்ப சந்தோசம். அதப் பாத்துட்டு வீரகேரளம்புதூர்லருந்து பொண்ணு பாக்க வந்தாவ. நான் காப்பித் தட்டோட நிக்கேன். மாப்ளயோட அத்த போட்டோவக் கைல வச்சுக்கிட்டு என்னைய ஒரு தடவ பாத்தாவ, கதவ ஒரு தடவ பாத்தாவ. 'போட்டோல இருக்க பிள்ளைய வரச்சொல்லுங்க'ன்னாவ. நான் அங்கனதான் நிக்கேன்."

"மாப்ள என்ன சொன்னாவ ஆச்சி?" என்று இசக்கி கேட்டாள்.

"அவரா? 'காப்பி ஆறுது'ன்னு கைய நீட்டுனாரு."

அப்பா அப்படித்தான். பட்டாளத்துக்காரர், பேச்சு குறைவு. நீ அவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. அன்றும் சொல்லவில்லை. "நல்ல மனுசன்" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்தப் போட்டோவப் பாத்துத்தான கெளம்பி வந்தாரு" என்றாய். அவரோடு குடித்தனம் நடத்தி, அவரைத் தூக்கிக் கொடுத்து, அத்தனை வருடம் கழித்தும் அந்த ஒரு சந்தேகம் உனக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது. உன் வயிற்றில் பிறந்த எனக்கு அது தெரியாது.

இசக்கி பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். புதிய தாளை வைத்தாள். குச்சியைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெளிச்சம் விழ வேண்டிய நேரம் முழுவதும் விழட்டும் என்று நின்றாள்.

தாள் டெவலப்பரில் இறங்கியது. அம்மா, நான் எத்தனையோ படங்கள் மேலே வருவதைப் பார்த்திருக்கிறேன். பிழைப்பே அதுதான். ஆனாலும் அன்று என் மேலெல்லாம் புல்லரித்தது. முதலில் உன் கண்கள் வந்தன. பிறகு நெற்றி, மூக்குத்தி, தாடை. கறுத்துக்கொண்டே வந்தது, நிற்கவில்லை. இன்னும் கறுத்தால் எல்லாம் மூழ்கிவிடுமோ என்று பயந்தேன். மூழ்கவில்லை. அந்தக் கறுப்புக்குள் அத்தனையும் இருந்தது. கன்னத்தில் வழிந்த மழை, நெற்றிக் கோடுகள், மேலுதட்டு மருவின் பளபளப்பு. வெளுத்த படத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. ஒரு முகத்துக்குள் இவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

நீ விரலை விட்டாய். "அம்மா, கெமிக்கல்" என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கரைசலுக்கடியில் கிடந்த உன் கன்னத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாய். டெவலப்பரில் விரல் சூடு பட்ட இடம் ஒரு பங்கு கூடக் கறுக்கும். அப்படியே கறுத்தது. அந்தப் படத்தில் அது இன்னும் இருக்கிறது, நீ உன்னைத் தடவிக்கொடுத்த இடம்.

"இவ எங்கனட்டி இருந்தா இத்தன நாளா?" என்றாய்.

உன் குரல் உடைந்திருந்தது. குற்றவாளிகளை அதட்டிய குரல். இசக்கி உன் தோளில் சாய்ந்துகொண்டாள். நான்தான் சுதாரித்துக்கொண்டு தாளை எடுத்து அடுத்த தட்டில் போட்டேன். யாராவது போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் படம் கெட்டுப்போகும்.

படத்தைக் கூடத்தில் அப்பா படத்துக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னாய். ஆணி அடித்தது நீதான். "அவரு பாக்கட்டும்" என்றாய். வீட்டுக்கு யார் வந்தாலும் "இது நாந்தான்" என்று நீயே காட்டினாய். உன்னை நேரில் பார்த்துக்கொண்டு நிற்பவர்களிடம் அதைச் சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும். நான் அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாசியில் நீ போய்விட்டாய். காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அழுவதற்குள் கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் வேண்டும் என்றார்கள். சுவரிலிருந்து உன்னைக் கழற்றிக்கொண்டு தென்காசிக்குப் போனேன். இசக்கிதான் வண்டியில் கூட்டிப்போனாள். கடைக்காரர் படத்தை ஸ்கேன் செய்து கணினியில் திறந்தார். பழகிய கை, கேட்கும் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது.

"மொகம் டல்லா இருக்குக்கா. கொஞ்சம் தூக்கி விட்டுருதேன்."

திரையில் நீ வெளுக்க ஆரம்பித்தாய். தடுக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. கண்முன்னால் உன்னை மறுபடியும் யாரோ அழித்துக்கொண்டிருக்கிறார்கள், மறுபடியும் நல்லெண்ணத்தோடு. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இசக்கி அவர் கையைப் பிடித்துவிட்டாள். "அண்ணாச்சி, அது டல்லு இல்ல. அவங்க நெறம். கைய எடுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "சரிம்மா, ஒங்க இஷ்டம்" என்று பழையபடிக்கே மாற்றினார். சாயங்காலம் மேலகரம் நிறுத்தத்தில் உன்னைக் கட்டினார்கள். ஆளுயரத்தில், உன் நிறத்தில். பூக்கட்டுகிற அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இப்பம்தான் ஏதோ கேக்கப் போற மாதிரி நிக்காவ" என்றாள்.

இன்று மத்தியானம் புதிய பிள்ளைகள் வந்தார்கள். கேமராவில் ஃபிலிம் மாட்டச் சொல்லித் தந்தேன். மாட்டி முடித்ததும் ஒருத்தி, "மேம், மொதப் படம் ஒங்களத்தான்" என்றாள். நான் வழக்கம்போல லைட் பார்க்க வேண்டும், ரிஃப்ளெக்டர் பிடிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். வாய் பாதியில் நின்றுவிட்டது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது அம்மா. நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கும் உன் நிறம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது நீயே என் முகத்தில் பவுடரை அப்பி அனுப்புவாய். இன்றுவரை அது இல்லாமல் நான் தெருவில் இறங்கியதில்லை. கேமராவை ஏன் கையில் எடுத்தாய் என்று கேட்பவர்களிடம் கலை, ஆர்வம் என்று அளப்பேன். உண்மை அதுவல்ல. படமெடுக்கிறவளை யாரும் படத்துக்கு நிற்கச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். நீ அடுக்களைக்குள் ஒளிந்தாய், நான் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"ஒரு நிமிசம் நில்லுட்டி" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். தண்ணீர் சில்லென்று வந்தது. சோப்புப் போட்டு முகத்தை நன்றாகக் கழுவினேன். துடைக்காமல் வந்து, உன் நிறத்தோடு அவள் முன்னால் நின்றேன்.