மழையை வடக்கே தள்ளச் சொன்னேன்

ஓம் சுவஸ்தியஸ்து.

உங்காசான்,
நவம்பர் மாதக் கடைசி.

என் மரியாதைக்குரிய கணவர் சுதர்சா அவர்களுக்கு,

உங்கள் மனைவி நெங்கா எழுதுவது. நானும் மகள் செகாரும் நலமாக இருக்கிறோம். உங்கள் நலத்தை, இதை நீங்கள் படித்து முடித்த பிறகு விசாரித்துக்கொள்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் ஒன்பது வார்த்தை குறுக்கே பேசுவீர்கள். பேச்சு சங்கடமாகத் திரும்பினால் உடனே உங்கள் கப்பலில் சிக்னல் போய்விடும். கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது. பக்கத்து வீட்டு நுரா அடுத்த வாரம் நீங்கள் சமைக்கும் கப்பலில் பாத்திரம் கழுவும் வேலைக்கு ஏறுகிறான். அவன் கையில் இதையும், நீங்கள் கேட்ட பன்றித் தோல் வறுவலையும் கொடுத்திருக்கிறேன். வறுவலைத் தின்றுகொண்டே படியுங்கள். ஆனால் உங்கள் வழக்கப்படி கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்காதீர்கள். நான் வரிசையாகச் சொல்கிறேன், வரிசையாகவே கேளுங்கள்.

முதலில் நல்ல செய்தி. செகாரின் பல் அராவும் சடங்கு சிறப்பாக முடிந்தது. தங்கக் கிரீடமும் மஞ்சள் பட்டுமாக அவள் படுத்திருந்ததைப் பார்த்தவர்கள் எல்லாம் கண் பட்டுவிடும் என்றார்கள். வலிக்கிறதா என்று பூசாரி கேட்டதற்கு, 'சீக்கிரம் முடிங்க ஐயா, பசிக்குது' என்றாள். அப்படியே உங்கள் வாய்.

நீங்கள் வரும்வரை பொறுத்திருக்கலாமே என்று அன்று வருத்தப்பட்டீர்கள். பூசாரி குறித்த நாள் இது ஒன்றுதான் என்று நான் சொன்னேன். அது பொய். பூசாரி மூன்று நல்ல நாள் கொடுத்தார். அதில் ஒன்று நீங்கள் ஊருக்கு வந்த பிறகு வரும் நாள். நான்தான் இந்த நாளைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்றால், உங்கள் தம்பி யாசா ஜிம்பரான் கடற்கரையில் கொரியாக்காரர்களுக்குப் பெரிய விருந்து வைக்கும் நாள் அது.

பட்ட காயம் ஆறிவிட்டது என்று நினைத்தீர்களா? ஆறவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் ஆட்களைக் கூட்டமாக இங்கே கூட்டிவந்தால், விமான நிலையத்தில் மாலை போடுவதிலிருந்து திரும்ப வழியனுப்புவது வரை எல்லாவற்றையும் செய்து கொடுத்தது நான். பேருந்து, மேடை, நடனக்காரர்கள், கிராமத்துக் காவல்காரர்கள், கடற்கரைக்கு ஊர்ச்சபை அனுமதி, எதற்கும் யாரும் இன்னொரு ஆளைத் தேடியதில்லை. கையில் தொழில் இல்லாமல் திரிந்த யாசாவை நான்தான் கூட வைத்துப் பழக்கினேன். இந்தக் கொரியாக் காப்பீட்டுக் கம்பெனியின் மேலாளர் திருமதி ஹானிடம் 'இவன் என் சொந்தத் தம்பி மாதிரி' என்று அறிமுகம் செய்ததும் நான்தான்.

போன வருடம் படகு விருந்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். வழக்கமாக வாங்கும் இடத்தை விட்டுவிட்டு, வெயிலில் கிடந்த இறாலை யாசா எங்கிருந்தோ அள்ளி வந்தான். படகு பாதி தூரம் போவதற்குள் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு ஓரத்துக்கு ஓடினார்கள். நான் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டலுக்கும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் திருமதி ஹான் முன்னால் கைகட்டி நின்று, 'இறால் வாங்கினது அண்ணிதாங்க, நான் வேணாம்னு எவ்வளவோ சொன்னேன்' என்று சொல்லிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவன் ஒரு படகு இறாலையே மறைத்தான்.

அதற்குப் பிறகு எந்த ஓட்டலும் என் போனை எடுக்கவில்லை. 'இறால் நெங்கா' என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். யாசா ஜகார்த்தா கம்பெனி ஒன்றில் சேர்ந்து, என் திட்டத்தையும் என் வாடிக்கையாளரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனைப் பற்றி நான் போனில் அழுதபோதெல்லாம் நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். 'விடு நெங்கா. சின்னப் பையன். நீயும் கொஞ்ச நாள் வீட்ல இருந்து ரெஸ்ட் எடு, நல்லதுதானே.' அப்போது அது ஆறுதல் என்று நினைத்தேன்.

சரி, விருந்துக்கு வருகிறேன்.

நவம்பரில் கடற்கரையில் விருந்து வைக்கிறவன் முதலில் யாரைப் பிடிப்பான்? மந்திரம் சொல்லி மழையைத் தள்ளிவைக்கும் மழைக்காரரை. யாசாவுக்கு அது தெரியாததில்லை. ஆனால் மழைக்காரரிடம் வருடா வருடம் போய்க் காலில் விழுந்து நாள் வாங்கியது நான். இவன் வண்டியில் உட்கார்ந்து போன் நோண்டிக்கொண்டிருப்பான். மேடைக்கு ஆள், விளக்குக்கு ஆள், பாட்டுக்கு ஆள் என்று எல்லாரையும் பேசி முடித்துவிட்டு, மழைக்காரரை மட்டும் கடைசி வாரத்துக்கு விட்டான். நான் அவனுக்கு முன்னாலேயே மழைக்காரர் ஜெரோ ரெனிங் வீட்டுக்குப் போய், என் மகளின் சடங்குக்கு வர வேண்டும் என்று வெற்றிலை பாக்கோடு வாக்கு வாங்கிவிட்டேன். ஒரு பெண் பிள்ளையின் சடங்குக்குக் கொடுத்த வாக்கை எந்த மழைக்காரரும் மாற்ற மாட்டார். பிறகு யாசா போய்க் கெஞ்சினானாம். 'உங்க வீட்டு விசேஷத்துக்குத்தான்டா வர்றேன், சித்தப்பன் நீ அங்க இருக்க வேணாமா?' என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்.

வெட்கம் கெட்டவன், வேறு ஆளையாவது தேடினானா? ஜகார்த்தாக்காரர்களிடம், 'அதெல்லாம் பழைய காலத்து நம்பிக்கை சார், போன்ல மழை வராதுன்னு காட்டுது' என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். மழை வந்தால் ஒதுங்க ஓட்டலில் இருந்த உள்மண்டபத்தையும் வேறு ஒரு கல்யாணக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான்.

சடங்கு அன்று காலையிலிருந்து ஜெரோ ரெனிங் குளிக்கவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நம் ஊர்ச்சபை மண்டபத்தின் பின்னால் உட்கார்ந்து கிராம்புச் சிகரெட்டைப் புகைத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. என்னைக் கூப்பிட்டார். 'மழைய அழிக்க முடியாதும்மா, தள்ளத்தான் முடியும். எந்தப் பக்கம் தள்ளட்டும்?' என்று கேட்டார். 'வடக்கே, கடற்கரைப் பக்கம்' என்றேன். 'அங்க நம்ம ஆளுங்க யாரும் இல்லையே?' என்றார். கொஞ்சமும் தயங்காமல், 'ஒருத்தரும் இல்ல' என்றேன்.

அந்த நேரத்தில் உள்ளே செகாரின் பல்லை அராவிக்கொண்டிருந்தார்கள். காமம், குரோதம், பேராசை என்று ஆறு பகைவர்களுக்கும் ஒவ்வொரு பல். எனக்கும் சிறுவயதில் அராவினார்கள். குரோதத்துக்கான பல்லை மட்டும் சரியாக அராவவில்லை போலிருக்கிறது.

மழைக்காரர் செய்தாரோ, காற்றுதான் திரும்பியதோ, எனக்குத் தெரியாது. நம் மேட்டில் வெயில் அடித்தது. கீழே ஜிம்பரான் பக்கம் வானத்துக்கும் கடலுக்கும் நடுவே கறுப்புத் திரை போட்டதுபோல் மழை நின்றது. நான் மண்டபத்துப் படியில் நின்று பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், என் வயிறு குளிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் நான்கு பேருந்துகள் மேடேறி வந்தன. முதல் பேருந்திலிருந்து யாசா இறங்கினான். கம்பெனி பாத்திக் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, ஒரு காலில் செருப்பு இல்லை. பின்னால் இருநூறு கொரியாக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அத்தனை பேருக்கும் கூரையும் சாப்பாடும் உள்ள இடம் அன்றைக்கு நம் மண்டபம் ஒன்றுதான். ஊர் முழுக்கச் சேர்ந்து சமைத்த பன்றிக்கறியும், காயும் இறைச்சியும் கொத்திக் கலந்த லாவாரும் அண்டா அண்டாவாக இருந்தன. அவன் நேராக ஊர்ச்சபைத் தலைவர் பாக் வார்த்தாவிடம் போனான். அவரோ, 'இன்னிக்கு மண்டபம் உன் அண்ணியோடது. அவகிட்ட கேளு' என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றார். அந்த மனிதர் நூறு வருடம் இருக்கட்டும்.

யாசா என் முன்னால் வந்து, 'அண்ணி, மேடை பறந்துருச்சு. ஒரே ஒரு தடவை காப்பாத்துங்க' என்றான். திருமதி ஹானும் அவருடைய மொழிபெயர்ப்பாளரும் குடையோடு அவன் பின்னால் நின்றார்கள். நான், 'தாராளமா உள்ள வா. ஆனா இறாலை யார் வாங்குனதுன்னு எல்லாரும் கேக்குற மாதிரி இந்தத் தூண் பக்கத்துல நின்னு சொல்லிட்டு வா' என்றேன். ஊரே திரும்பிப் பார்த்தது. கமலான் வாத்தியம் வாசித்தவர்கள்கூடச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்கள்.

சொன்னான். 'நான்தான் வாங்கினேன்' என்றான். நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. 'அப்ப ஏன்டா என் பேரைச் சொன்ன? நான் உனக்கு என்ன குறை வச்சேன்?' என்று கேட்டேன். ஒரு வருடம் உள்ளே வைத்திருந்த கேள்வி அது. அவன் அழுதுவிட்டான். அழுதுகொண்டே சொன்னான்: 'என்னைய மட்டும் நிக்க வைக்காதீங்க அண்ணி. நான் பயந்து போய் அன்னிக்கே அண்ணனுக்குப் போன் பண்ணேன். அண்ணன்தான் சொன்னாரு. பழிய அவ மேல போட்டுரு, அவ தாங்கிக்குவா, அப்பவாவது வேலைய விட்டுட்டு வீட்டோட இருப்பான்னாரு.'

கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டோம். வறுவல் இன்னும் தொண்டையில் இறங்குகிறதா?

மொழிபெயர்ப்பாளன் நல்ல பையன், அதை மொழிபெயர்க்காமல் நின்றான். திருமதி ஹான் அவன் கையைத் தட்டி, சொல்லச் சொல்லிக் கேட்டார். ஊர்ச்சபை முழுதும் கேட்டது. உங்கள் மகள் கிரீடத்தோடு படியில் உட்கார்ந்திருந்தாள், அவளும் கேட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேருந்துக் கதவைத் திறக்கச் சொன்னேன். நனைந்து வந்தவர்கள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. பாய் விரித்தேன், துண்டு கொடுத்தேன், சுடச்சுட இஞ்சித் தண்ணீர் கொடுத்தேன், நடனக்காரிகளுக்கு ஆள் அனுப்பினேன். யாசாவை விட்டுவிடவில்லை. அதே ஈரச் சட்டையோடு அத்தனை பேருக்கும் அவன்தான் சோறு பரிமாறினான். பக்கத்து வீட்டுப் பெண்கள், 'தம்பி, இறால் இல்லையா?' என்று கேட்டுக் கேட்டு அவன் மானத்தை வாங்கினார்கள். நான் தடுக்கவில்லை.

புறப்படும்போது திருமதி ஹான் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். என் பெயரைக் கெடுத்த ஒவ்வொரு ஓட்டலுக்கும் அவரே போன் பண்ணிச் சொல்வதாகச் சொன்னார், சொல்லியும் விட்டார். மார்ச்சில் லொம்போக் தீவுக்கு வரும் அவர்களுடைய கூட்டம் என் பொறுப்பு. செகாரையும் கூட்டிப் போகிறேன். வீட்டில் சமைக்க ஆள் இருக்காது, இப்போதே சொல்லிவிட்டேன்.

யாசா மேல் எனக்கிருந்த கோபம் அவன் பரிமாறி முடித்தபோதே பாதி தீர்ந்துவிட்டது. அவன் பயந்தவன், பயந்தவன் பொய் சொல்வான். நீங்கள் பயப்படவில்லையே. நடுக்கடலில், கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, நிதானமாக யோசித்துச் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் ஓடிக்கொண்டிருந்தபோது. அதற்குப் பிறகு ஒரு வருடம் என் அழுகையைப் போனில் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறீர்கள். வீட்டில் இருக்கச் சொல்லி ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். அந்தச் சண்டைக்குப் பயந்துதான் என் பெயரைக் கொன்றீர்களா?

இது உங்கள் வீடு, உங்கள் முன்னோர் கோயில், பிரிந்தால் வெறும் கையோடு பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியவள் நான் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆனால் ஊர்ச்சபையில் உங்கள் பெயரை எடுத்தாலே இப்போது எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். நான் எங்கும் போவதாக இல்லை. பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிந்து வந்ததும், பெட்டியைக்கூட இறக்காமல் நேராக மண்டபத்துக்கு வாருங்கள். உங்கள் தம்பி நின்ற அதே தூணின் பக்கத்தில் நின்று, உங்கள் வாயால், உங்கள் மகள் முன்னால் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வீட்டுக் கதவைப் பற்றிப் பேசலாம்.

போன் பண்ண வேண்டாம், எடுக்க மாட்டேன். குளிர் அதிகமான பக்கம் கப்பல் போகிறதாம். கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், மாத்திரையை மறக்காதீர்கள். உங்களுக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று தினமும் காலையில் பூ வைத்துக் கும்பிடுகிறேன், இது சத்தியம். உங்களை மன்னிக்க எனக்கு நிறைய வருடங்கள் பிடிக்கும். அது முடிகிறவரைக்கும் நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி, ஓம்.

இன்னும் உங்கள் மனைவியான
நெங்கா ரெஸ்தி