வீட்டை விட்டுத் தள்ளிப் போன பாதை

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். இங்கே எல்லோரும் சாப்பாடும் சண்டையுமாக நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். காலையில் என் முழங்கால் வலி எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறது, மற்றபடி குறையில்லை.

ஒரு விஷயம், கோபப்படாமல் கேள். நீ பிள்ளையோடு வந்து தங்க மாடியில் ஓர் அறை எழுப்பச் சொன்னாயே, கொத்தனார் வந்து நூல் பிடித்துக்கொண்டிருந்த அன்று, பழைய கட்டடங்களைப் பதிவு செய்கிற பெண் ஒருத்தி வரைபடத்தோடு வந்தாள். அகலக் கதவும் வண்டி நிறுத்தக் கூரையும் மாட்டுக் கொட்டிலும் சேர்ந்த நம் வீடு மாதிரி வீடுகள் பழைய வண்டிப்பாதை ஓரத்தில் மட்டும்தான் இருக்கின்றனவாம், வண்டிக்காரர்கள் தங்கிப் போக அப்படிக் கட்டினார்களாம், உள்ளே தள்ளிப் போனால் எல்லாம் தாழ்ந்த கூரைச் சின்ன வீடுகளாம். இது பாதையிலிருந்து ஒரு மைல் தள்ளியிருக்கு தாத்தா, பின்னால் யாரோ அந்த வீடுகளைப் பார்த்துக் கட்டினது என்று எழுதப் போனாள். என் வாய் சும்மா இருக்குமா, வீடு இருந்த இடத்துலதாம்மா இருக்கு, பாதைதான் எழுந்து போயிடுச்சு என்றேன். எனக்கு எட்டு வயதில் வெள்ளம் வந்து பள்ளத்திலெல்லாம் பாதையை அரித்துக்கொண்டு போனது, அப்புறம்தான் மேட்டில் புதிதாகப் போட்டார்கள், உன் தாத்தாவும் பின்சுவரை உடைத்து இந்தப் பக்கம் வாசல் வைத்தார். நாம் விறகு அடுக்குகிற பக்கம்தான் பழைய முன்வாசல். விறகைத் தள்ளிவிட்டு வாசற்கல்லில் சக்கரம் தேய்த்த தடத்தைக் காட்டினேன். அடுத்து லாடக்காரர் வீடு, அதற்கடுத்து செக்கு வீடு, ஊமையன் வீடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எங்கும் பொருந்தவில்லை என்று அவள் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருந்த வீடுகள் அத்தனையும் ஒரே கோட்டில் வந்து நின்றன. என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வினை அதற்கப்புறம்தான் வந்தது. நம் வீடு பாதுகாக்க வேண்டிய பழைய வீடுகளின் பட்டியலில் ஏறிவிட்டது, இனிக் கூரையைத் தொடக்கூடாதாம். கொத்தனார் நூலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கட்டாத ரூமை வாயாலேயே இடிச்ச மனுஷன் நீங்க ஒருத்தர்தாம்பா என்கிறான் உன் அண்ணன். மறுப்புச் சொல்ல ஒரு மாதம் தவணை இருக்கிறது, வயதாகிவிட்டது, ஞாபகம் குழம்பிச் சொல்லிவிட்டேன் என்று நான் கைரேகை வைத்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். காகிதம் எழுதி மையையும் பக்கத்தில் வைத்திருக்கிறான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது, உனக்காகத்தான் அலைகிறான்.

அறை உன்னுடையது, அதனால் உன்னைக் கேட்கிறேன். எனக்கு எழுத்து தெரியாது, கண்ட எல்லாவற்றையும் தலைக்குள்தான் வைத்திருக்கிறேன். அது பொய் என்று என் விரலாலேயே சொல்ல வைக்காதே அம்மா. நீ வைக்கச் சொன்னால் வைத்துவிடுவேன், அதுதான் பயமாக இருக்கிறது. உனக்குத் தங்க இடமில்லை என்று மட்டும் நினைக்காதே, என் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றியாகிவிட்டது, என் அறையை நேற்றே வெள்ளையடித்தோம்.

குட்டிக்குக் காது வலி என்றாயே, காற்றில் தொப்பியில்லாமல் விடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழுங்கள். மாதம் முடிவதற்குள் ஒரு வரி எழுது.

உன் அப்பா
(கீழே இருப்பது அவர் பெருவிரல் ரேகை)