தூக்கிப் போடச் சொன்னது நான்

என் வாலுப் பெண்ணுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ, மாப்பிள்ளை, பெரியவன், கைக்குழந்தை நாலு பேரும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் என் மனசு ஒரு இடத்தில் உட்காரும். போனில் நீ சொல்கிற ‘நல்லா இருக்கோம்ப்பா’வை இப்போதெல்லாம் நான் நம்புவதில்லை. கண்ணாடிக் கடைக்கு இன்னமும் காலையில் மட்டும் போய்வருகிறேன். நேற்று ஒருவருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன், முப்பத்தைந்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அவர் வாசல்படி தாண்டுவதற்குள் திரும்பி வந்து ‘என்னங்க, தரை மேல ஏறி வருது’ என்றார். கடையே சிரித்தது, எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் புத்தி என்னிடம் இருந்தால்தானே.

காரணம் மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்தார், கோள் சொல்வதற்காக இல்லை, நீ அவரைக் கோபிக்காதே, பாவம் அவருக்கும் பயம். பால் கொட்டியதற்குப் பெரியவனிடம் கத்திவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிஷம் உள்ளேயே இருந்தாயாமே. முன்பெல்லாம் செருப்பு டப்பாவுக்குள் நீ செய்யும் அந்தக் குட்டி அறைகளை, விரல்நுனி அளவு நாற்காலி, தபால்தலை அளவு ஜன்னல், எல்லாவற்றையும் அவரிடம் காட்டிக் காட்டிச் சிரிப்பாயாம், இப்போது சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாயாம். அப்புறம் அவர் ஒன்று சொன்னார், ‘பையனோட கையைப் பிடிக்கிறதில்ல மாமா, மணிக்கட்டைத்தான் பிடிக்கிறா, செவந்து போகுது’ என்று. அது உன் பழக்கம் இல்லையம்மா. அது என் பழக்கம்.

இரண்டு மாதம் முன்பு நீ செருப்பு டப்பாவுக்கு ஜன்னல் ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பெரியவன் கதவைத் திறந்து இரண்டு மாடி இறங்கிப் போய்விட, கீழ்வீட்டுக்காரி தூக்கிவந்து கொடுத்தாள் என்று நீ அழுதபோது, நான் ஆறுதல் சொன்னேனா? ‘பெத்தவளுக்கு விளையாட்டு என்ன வேண்டிக்கிடக்கு, தூக்கிப் போடு அந்தக் குப்பையை’ என்று கத்தினேன். அடுத்த வாரம் ‘போட்டுட்டேன்ப்பா’ என்றாய். எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறவள் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டாயே, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன், மடையன்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டு, பரவாயில்லை. உனக்கு நாலு வயது. உன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டி, உன்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். அப்போது நான் மவுத் ஆர்கன் வாசிப்பேன், உனக்கு ஞாபகம் இருக்காது. வாரத்துக்கு அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கென்று இருந்தது, அதையும் உன்னைப் பார்த்துக்கொள்கிற நேரத்தோடு சேர்த்துவைத்தேன், ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால். கண்ணை மூடி ஒரே ஒரு பாட்டுதான் வாசித்தேன். திறந்தால் நீ இல்லை. ஊஞ்சலில் இல்லை, குழாயடியில் இல்லை. வாசலுக்கு ஓடினேன். பஸ்ஸும் லாரியும் பறக்கிற பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், டயர் கடையில், ஒரு லாரி டயருக்குள் உட்கார்ந்து எனக்குக் கை ஆட்டினாய். தனியாகவே சாலையைத் தாண்டியிருக்கிறாய். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வரும் வழியிலேயே மவுத் ஆர்கனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, எனக்கு வாசல், படி, மாடி, தண்ணீர் வாளி எல்லாமே பேய். உன் மணிக்கட்டை விட்டதே இல்லை. பயம் என்று சொல்லத் தெரியாமல் அதைக் கோபமாகவே காட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகவே நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே, இதை எழுதும்போதும் அட்டை வெட்டுகிற பிளேடை எங்கே வைப்பாய் என்றுதான் ஓடுகிறது. கதவின் மேல்பக்கம் பெரியவனுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடச் சொல், இன்றைக்கே. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே டப்பா வேலை செய்யாதே, என் தப்பு அதுதான். சனிக்கிழமை ஒரு மணி நேரம் மாப்பிள்ளை இரண்டையும் வெளியே கூட்டிப்போகட்டும், கேட்டுவிட்டேன், ‘எப்பவோ சொல்லியிருக்கலாமே மாமா’ என்றார். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவினாய் என்று தெரிந்தால் பார்த்துக்கொள். போன டப்பா போகட்டும், புதுச் செருப்பு வாங்கினால் டப்பா இலவசம்.

இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக்கூடக் கீழே வைக்கவில்லை. அந்த டயர் கடைக்காரருக்கு அவளைத் தெரியுமாம், அடுத்த வாரமே கையில் தையல் போட ஆஸ்பத்திரிக்கு வந்து அவளிடம் சொல்லிவிட்டாராம். ‘நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன், சொல்லல. பொண்ணு தொலைஞ்சு கிடைச்சதுகூட எனக்கு ஆறிப்போச்சு. நீங்க வாசிக்கிறத நிறுத்தினீங்களே, அதுக்கப்புறம்தான் எனக்குப் பயம் வந்துச்சு. உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே நானும் அவளும் பேச்ச நிறுத்திடுவோம், அதாச்சும் தெரியுமா உங்களுக்கு’ என்றாள். சத்தியமாகத் தெரியாதம்மா. இத்தனை வருஷம் நம் வீடு அமைதியான வீடு என்றே நினைத்திருந்தேன்.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியும் கிடைக்க அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். தாழ்ப்பாளை மறக்காதே. சாயங்காலம் நீ வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறக்கும்போது, உள்ளே பெரியவன் பேசிக்கொண்டேதான் இருக்கிறானா என்று கவனித்து எனக்கு எழுது.

உன் பதிலுக்குப் பயந்துகொண்டே காத்திருக்கும்
அப்பா