ஊருணியைத் தூர்க்கச் சொன்ன யோசனைக்கு விடை

ஏரி நிறைக! கழனி விளைக! எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகாதிருக்க!

கிழக்கே கடலும் மேற்கே மிளகுமலையும் எல்லையாக உடைய வெண்ணாவல் நாட்டை ஆள்பவரும், பகைவர்க்கு இடியும் புலவர்க்கு மழையும் ஆனவரும், தம் கடவுச்சொல்லை ஏழு முறை மறந்து ஏழு முறையும் மீட்டவருமான கோமகன் புகழ்க்கண்டர் திருவுளப்படி, அவர்தம் ஓலைநாயகம் மாதேவன் காரி, கற்கோட்டை நாட்டு வேந்தரும் மலை பிளந்தவரும் மதயானை அடக்கியவரும் வாக்கில் வழுவாதவருமான வச்சிரக்கோ அவர்களின் திருமுன்பு பணிந்து விடுக்கும் ஓலை. தேவரீருக்கு இன்னும் முப்பத்து மூன்று பட்டங்கள் உள. ஓலை நீளம் போதாமையால் அவற்றை மனத்துக்குள் சொல்லிக்கொண்டோம், குறையாகக் கொள்ளற்க.

தேவரீர் நலம், தேவியர் நலம், யானைகள் நலம் அறிய ஆவல். தங்கள் தூதர் சேந்தன் அரையர் இங்கே மிக நலம். நாவற்பட்டினத்து இறால் அவர் உடம்புக்கு ஒத்துக்கொண்டது.

தாங்கள் அனுப்பிய உடன்படிக்கைக்கு விடை எங்கே என்று கேட்டு மூன்று ஓலைகள் வந்தன. மூன்றாவதில் படை என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. நடந்ததைச் சொல்லாமல் விடையை மட்டும் சொன்னால் தாங்கள் சினந்து படை எடுப்பீர்கள். நடந்ததைக் கேட்ட பின்பும் எடுக்கலாம், ஆனால் சிரித்துக்கொண்டே எடுப்பீர்கள். ஆகவே பொறுத்துக் கேட்டருள்க.

எம் நாட்டில் ஓலையும் உண்டு, கணினியும் உண்டு. அரண்மனையிலும் சாவடியிலும் பள்ளியிலும் உள்ள கணினிகள் அனைத்தையும் இயக்குவது ஊருணி என்னும் இயங்குதளம். அது யாருக்கும் இலவசம். ஊர்ப்பொதுக் குளத்தில் இறங்க யாரைக் கேட்பது? அதுபோல எவரும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே திறந்து பார்க்கலாம். தெரிந்தவர் திருத்தியும் கொள்ளலாம். அதைப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பேணி வருபவள் பூதிநங்கை என்பவள். வடக்கு வாயிலை ஒட்டிய அறையில் சுக்குக் காப்பியும் பழுதுப்பட்டியலுமாக இருப்பாள். மனிதரோடு பேசுவது குறைவு, பழுதுகளோடு நிறையப் பேசுவாள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். எம் மக்கள் பல்லையும் பிடித்தார்கள், வாலையும் முறுக்கினார்கள், மாடு ஏன் இன்னும் கொஞ்சம் வெள்ளையாக இல்லை என்றும் கேட்டார்கள். அந்த முணுமுணுப்பு உச்சத்தில் இருந்த வேளையில்தான் சேந்தன் அரையர் தங்கள் நாட்டு மாணிக்கப் பேழை என்னும் இயங்குதளத்தோடு வந்து இறங்கினார். பேழை பளபளவென்று இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, அதைத் திறப்பது குற்றம் என்று அரையர் பெருமிதத்தோடு உரைத்தார். தங்கள் உடன்படிக்கையின் வாசகமும் தெளிவு: வெண்ணாவல் நாட்டுக் கணினிகளில் பேழை ஒன்றே இருக்கவேண்டும், ஊருணியை அதன் படிகளோடும் மூலத்தோடும் அழித்துவிடவேண்டும். பூதிநங்கை அதைப் படித்துவிட்டு அன்று முழுதும் காப்பி குடிக்கவில்லை.

கோமகன் உடனே முடிவு சொல்லவில்லை. அறுபது நாள் மக்கள் யோசனை சொல்லட்டும், ஊருணி திருந்தட்டும், அறுபத்தோராம் நாள் சபை நடுவே தாமே அதில் திருவிழா ஆணையை எழுதிப் பார்த்து முடிவு செய்வோம் என்று அருளினார். யோசனை ஓலைகளைப் போட அரண்மனை வாயில்குடத்தை ஊருணிக்கென்றே ஒதுக்கினார்.

இங்கேதான் எம் நாட்டு வழக்கம் ஒன்றைத் தேவரீருக்குச் சொல்லவேண்டும். வாயில்குடத்தில் விழுந்த ஓலைக்கு அரண்மனை 'இல்லை' என்று சொல்வதில்லை. கோமகனின் பூட்டனார் ஒருமுறை ஒரு விண்ணப்பத்துக்கு இல்லை என்று சொன்னார். அந்த வாரமே பெரிய ஏரிக் கரை உடைந்தது. கரையைக் குடைந்தது எலி, பழி விழுந்தது அந்தச் சொல்லின்மேல். அன்றுமுதல் விழுந்த வரிசைப்படி ஒவ்வோர் ஓலையும் நிறைவேற்றப்படும். கிணறு கேட்டால் கிணறு, பாலம் கேட்டால் பாலம். பாலமும் கிணறும் ஒன்றின்மேல் ஒன்று வராதவரை இதில் தொல்லை இல்லை.

ஓலைகள் வந்தன. ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு.

படகுத்துறைக் காவலர் வேம்பன் எழுதினார்: "அம்மா, அந்த அம்புக்குறி எங்க ஓடுதுன்னே தெரியல. கண்ணுல படுற மாதிரி பெரிசா வைங்க. பலாப்பழம் அளவு இருந்தாலும் எனக்குச் சம்மதம்." கோயில் மேளக்காரர் தாண்டவன், எந்தச் சாளரம் திறந்தாலும் மங்கலமாக மேளம் ஒலிக்கவேண்டும் என்று கேட்டு, தாமே வாசித்துப் பதிந்தும் கொடுத்தார். மருத்துவச்சி ஒருத்தி, மருந்து கொடுக்குமுன் மும்முறை கேட்பது போல எதைச் செய்யுமுன்னும் கணினி மும்முறை கேட்கவேண்டும் என்றாள். பாக்குக்கடைச் சிறியாள் எழுதியது: "குப்பைத்தொட்டி ஈசானிய மூலையில இருக்கு. அது குடும்பத்துக்கு ஆகாது. அதான் என் மவனுக்குப் பொண்ணு அமையல." அரண்மனைச் சோதிடர், இராகு காலத்தில் கணினி புதிதாக எந்த வேலையும் தொடங்கலாகாது என்று சுலோகத்தோடு எழுதினார். பழைய தோற்றமே வேண்டும் என்று நானூறு பேர், புதிய தோற்றம் வேண்டும் என்று நானூறு பேர். ஒருவர் மட்டும் ஊருணி நன்றாக இருக்கிறது, கை வைக்காதீர்கள் என்று எழுதியிருந்தார். அதை எப்படி நிறைவேற்றுவது என்று எவருக்கும் தெரியவில்லை.

பூதிநங்கை இருபதாம் நாள், இந்த ஓலையை எழுதும் காரியிடம் வந்தாள். "ஐயா, இதுல பாதி நல்ல யோசனை. பாதி ஒண்ணோட ஒண்ணு முட்டுது. எல்லாத்தையும் செஞ்சா ஒண்ணுமே ஓடாது. கொஞ்சத்தையாவது தள்ளிவிடச் சொல்லுங்க" என்றாள். காரி அப்போது பெரிய மனிதனைப் போல மீசையைத் தடவி, வழக்கம் வழக்கமே என்றும், முன்னோர் மூடர் அல்லர் என்றும் அருளுரை நிகழ்த்தினான். இந்த ஓலையை எழுதும்போது அந்த மீசை சற்று வெட்கப்படுகிறது.

அவள் திரும்பிப் போய் எல்லாவற்றையும் செய்தாள். ஒற்றை நாளில் பழைய தோற்றம், இரட்டை நாளில் புதிய தோற்றம். குப்பைத்தொட்டி தென்மேற்குக்குப் போயிற்று. அவள் கை வைத்த ஒவ்வொன்றும் முன்னதை இடித்தது. இடித்ததைச் சரிசெய்தால் அடுத்தது சரிந்தது. தான் பெற்ற பிள்ளைக்கு ஊரார் ஆளுக்கொரு பெயரை வைத்து, எல்லாப் பெயருக்கும் அது திரும்பிப் பார்க்கவேண்டும் என்றால் தாய் என்ன செய்வாள்? அவள் மெலிந்தே போனாள்.

அறுபத்தோராம் நாள் செவ்வாய்க்கிழமை. சோதிடர் நண்பகலுக்குப் பின் நல்ல வேளை குறித்திருந்தார். கோமகன் விருந்தில் இரண்டாம் பாயசத்துக்கு அமர்ந்ததால் அந்த வேளை கடந்தது. சபை நிரம்பியிருந்தது. கோமகன் கணினிமுன் அமர்ந்தார். பலாப்பழம் அளவில் அம்புக்குறி எழுந்து தான் சுட்டவேண்டியதையே மறைத்துக்கொண்டது. தடவித் தடவி அழுத்தியதும் மேளம் முழங்கிற்று. பட்டத்து யானை தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று வெளியே பிளிறிற்று. மெய்யாகவே திறக்கவா என்று ஊருணி கேட்டது. ஆம் என்றார். மெய்யாகவா என்றது. ஆம் என்றார். இன்னொருமுறை எண்ணிப் பாருங்கள் என்றது. கோமகனின் காது சிவந்தது. மூன்றாம் முறையும் ஆம் என்ற விடையை வாங்கிக்கொண்டு, இப்போது இராகு காலம், பொழுது சாய்ந்தபின் வருக என்று சொல்லித் திரை இருண்டது.

முதலில் சிரித்தது சோதிடர்தான். பிறகு சபை முழுதும் சிரித்தது. தூணோரம் நின்ற பூதிநங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது அவள் செய்த ஊருணியே அன்று, ஊர் கூடிச் செய்த அலங்கோலம். ஆனாலும் சிரிப்பு முழுதும் அவள் தலையில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டு காரி வாய் திறக்கவில்லை. அதற்காக அவன் வருந்துகிறான்.

கோமகன் எழுந்து, மறுநாள் காலை முடிவு சொல்வதாக அருளினார். அத்தோடு விட்டிருந்தால் தேவரீர் பேழை வென்றிருக்கும். ஆனால் அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. மறுநாள்வரை பொறுக்க மாட்டாத அரையர், வாயில்குடத்து வழக்கத்தை எவரிடமோ கேட்டு அறிந்திருந்தார். ஊருணியைப் பற்றித் தமக்கும் ஒரு யோசனை உண்டு என்றும், ஊருணியை அழித்துப் பேழையை ஏற்கவேண்டும் என்பதே அந்த யோசனை என்றும், உடன்படிக்கையை ஓலையாக்கிப் பொழுது சாயுமுன் குடத்தில் இடப்போவதாகவும் சபையறியச் சொன்னார். அறுபது நாள் முடிந்தாலும், குடத்தில் விழுந்தால் மறுக்க வழியில்லை. கோமகனே பீடத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

அரையரின் எழுத்தர் அங்கேயே அமர்ந்து எழுதத் தொடங்கினார். கற்கோட்டை நாட்டில் வேந்தர் பட்டங்கள் அனைத்தையும் முதலில் எழுதாத ஓலை செல்லாது என்பதைத் தேவரீருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. மலை பிளந்தவர் முடிந்து மதயானை அடக்கியவர் தொடங்கியபோது, பூதிநங்கை காரியின் அருகே வந்தாள்.

"ஐயா, ஒரு ஓலை குடுங்க."

எதற்கு என்றான் காரி.

"எனக்கும் ஒரு யோசனை இருக்கு."

பேணுபவள் யோசனை சொல்லலாகாது, பயனர்தாம் சொல்லலாம் என்றார் அருகிலிருந்த அமைச்சர் ஒருவர். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பன்னெண்டு வருசமா நாள் தவறாம அதுலதான் வேலை பாக்குறேன். என்னைவிடப் பயனர் யாருங்க?" காரி ஓலையையும் எழுத்தாணியையும் கொடுத்தான். அவன் அந்த அறுபது நாளில் செய்த உருப்படியான வேலை அது ஒன்றே.

அவள் ஒரே வரி எழுதினாள். தங்கள் எழுத்தர் பதினேழாம் பட்டத்தில் இருந்தபோது அவள் ஓலை குடத்தில் விழுந்தது. முப்பத்தேழும் முடித்து, உடன்படிக்கையும் எழுதி, அரையர் தம் ஓலையை இட்டபோது பொழுது மயங்கத் தொடங்கியிருந்தது. வரிசைப்படி அவளுடையதே முதலில் எடுக்கப்பட்டது. கோமகன் உரக்கப் படித்தார்: "ஊருணிக்கு வரும் யோசனைகளில் ஆகாதவற்றுக்கு முடியாது என்று சொல்லும் உரிமை, அதைப் பேணுபவளுக்கு வேண்டும்."

முதியோர் சிலர் ஏரிக்கரையை நினைத்துப் பதறினர். ஆனால் மறுக்கவும் இயலாதே. குடத்தில் விழுந்த ஓலை அன்றோ! கோமகன் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு சிரிப்பு எழுந்தது. அளித்தோம் என்றார். அடுத்த ஓலையை எடுத்து, பட்டங்கள் முப்பத்தேழையும் ஒன்று விடாமல் படித்து, ஊருணியை அழிக்கச் சொல்லும் இந்த யோசனைக்கு உன் விடை என்ன என்று பூதிநங்கையைக் கேட்டார்.

யாருக்கும் மறுத்துச் சொல்லிப் பழகாத வாய். இரண்டு முறை திறந்து மூடினாள்.

"முடியாது" என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். சபையில் பாதிப்பேர் ஏரிக்கரை உடையும் ஓசைக்குக் காது கொடுத்தார்கள். உடையவில்லை. மறுநாள் ஆள் அனுப்பியும் பார்த்தோம். கரை நன்றாக இருக்கிறது.

அதன்பின் அவள் ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு ஓலைகளையும் மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். அம்புக்குறி எலுமிச்சை அளவுக்குச் சுருங்கிற்று. வேம்பனுக்கு அதுவே போதுமாயிருந்தது. இராகு காலமும் மும்முறை கேள்வியும் போயின. மேளமும் போயிற்று. தாண்டவன் சண்டைக்கே வந்துவிட்டார். "ஏம்மா, என் மேளத்துல என்ன குறை கண்ட?" என்று கேட்டார். "மேளத்துல ஒரு குறையும் இல்லண்ணே. ஒரு நாளைக்கு நூறு தடவைன்னா சாமியே எழுந்து போயிரும்" என்றாள் பூதிநங்கை. அவர், ஆண்டுப் பிறப்பன்று மட்டுமாவது ஒலிக்கட்டும் என்றார். அதற்கு அவள் சரி என்றாள். பத்து நாள் கழித்துக் கோமகன் திருவிழா ஆணையைத் தாமே எழுதி முடித்தார். அதில் இரண்டு பிழை, இரண்டும் அவருடையவை.

இனி அரையரைப் பற்றி. அவர்மேல் தேவரீர் சினங்கொள்ளற்க. அவர் தம் கடமையைக் குறைவின்றிச் செய்தார். ஆயினும் ஒன்றை மறைப்பது முறையன்று. சென்ற வாரம் அவர் பூதிநங்கையின் அறைக்குத் தனியே சென்று, தமக்கு ஊருணியின் படி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். யாருக்கும் கொடுப்பது ஆகையால் அவருக்கும் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவரே வாயில்குடத்தில் ஓர் ஓலை இட்டார், பட்டம் ஒன்றுகூட இல்லாமல். கற்கோட்டையில் இருக்கும் தம் மகளுக்கு ஒருமணி நேரமாக மடல் எழுதியதாகவும், சேமிக்க மறந்து மூடியதும் ஊருணி ஒரு சொல்லும் கேளாமல் அதை விழுங்கிவிட்டதாகவும், அப்படி மூடும்போது மட்டும் ஒருமுறை கேட்டால் நன்றாயிருக்கும் என்றும் எழுதியிருந்தார். பூதிநங்கை அதை இரண்டு முறை படித்தாள். எதற்கெடுத்தாலும் மும்முறை கேட்கவைத்தவர்கள், கேட்கவேண்டிய இந்த ஓரிடத்தை விட்டுவிட்டார்களே என்றாள். அன்றே செய்து கொடுத்தாள். அவள் அதற்குமுன் ஆயிரம் முறை ஆம் என்று சொன்னதுண்டு. மகிழ்ந்து சொன்னதைக் காரி பார்த்தது அன்றுதான்.

ஆகவே இதனால் அறிவிப்பது: தேவரீர் உடன்படிக்கை ஓலை, பட்டங்களுக்குப் பழுதின்றி, இதனோடு திருப்பி அனுப்பப்பட்டது. பேழையும் பூட்டோடு வருகிறது, நாங்கள் திறக்கவில்லை. அரையர் இறால் பருவம் முடிந்ததும் வருவார். தங்கள் நாட்டுக்கும் ஊருணி வேண்டுமாயின் எடுத்துக்கொள்க. எம்மைக் கேட்கவும் வேண்டா.

இது கோமகன் புகழ்க்கண்டர் திருவாய்மொழிந்தபடி, நாவல் இலை முத்திரை இட்டு, மாதேவன் காரி எழுத்து. ஊருணியில் குறை கண்டால் தேவரீரும் யோசனை எழுதி அனுப்பலாம். ஒவ்வொரு வரியும் கருத்தோடு படிக்கப்படும். செய்யப்படும் என்று வாக்களிப்பதற்கில்லை.