விலாசம் அதேதானே?

தம்பி,

இன்று காலை பதினொரு மணிக்குக் கடையில் என் போன் அடித்தது. யாரும் கூப்பிடவில்லை. நான் எப்போதோ வைத்த நினைவூட்டல்தான். திரையில் ‘தம்பி 90’ என்று வந்தது. மகாராஜபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். மகன் வீட்டோடு வந்துவிட்டாராம், வாக்காளர் அட்டையில் முகவரி மாற்ற வேண்டுமாம். “போன் அடிக்குதுல்லா, எடுத்துப் பேசு தாயி. நான் செத்த நேரம் இருக்கேன்” என்றார். நான் அதை அமர்த்திவிட்டு அவருடைய கதவு எண்ணை அடிக்கப் போனேன். இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

நீ போன பிறகு இது மூன்றாவது தடவை. அழிப்பதற்கு ஒரு நொடி போதும். ஆனால் அழித்துவிட்டால், அடுத்த தொண்ணூறாவது நாள் எதுவென்று எனக்குத் தெரியாமல் போகும். தெரிந்துதான் என்ன செய்யப் போகிறேன்?

நீ தாய்லாந்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போன புதிதில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் வருவதைக் கதையாகச் சொல்வாய். விடிந்ததும் பஸ் பிடிக்க வேண்டும், சீட்டு வாங்கி உட்கார வேண்டும், மத்தியானத்துக்கு மேல் உன் நம்பரைக் கூப்பிடுவார்கள். அங்கே இருப்பவளிடம் நீ சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நான் இன்ன விலாசத்தில் குடியிருக்கிறேன். அவள் ஒரு சின்னச் சீட்டைக் கிழித்து உன் பாஸ்போர்ட்டில் பின் அடித்துக் கொடுப்பாள். “இம்புட்டுத்தான்க்கா. இதுக்கு ஒரு நாள் லீவு” என்பாய்.

அம்மா பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, “எங்க இருக்கேன்னு அவுககிட்ட மூணு மாசத்துக்கு ஒருக்கா சொல்லுதான். நம்மகிட்ட சொல்ல மட்டும் வாய் வலிக்கி” என்றாள். நீ போனில் விழுந்து விழுந்து சிரித்தாய்.

ஒரு முறை நாளை மறந்து அபராதம் கட்டினாய். அன்றைக்குச் சொன்னது எனக்கு அப்படியே இருக்கிறது: “தொண்ணூறாம் நாள் வரைக்கும் நான் மனுசன். அதத் தாண்டிட்டா குத்தவாளி.” அதன் பிறகு அதைக் கணினியிலேயே செய்யலாம் என்று வந்தது. உனக்குப் படிவம் என்றாலே ஒவ்வாது. எனக்கோ திருவில்லிபுத்தூரில் கடை வைத்திருப்பதே ஊராருக்குப் படிவம் நிரப்பத்தான். “பாஸ்வேர்ட அனுப்புலே, நான் பாத்துக்கிடுதேன்” என்றேன். நீயும் நிம்மதியாக அனுப்பிவிட்டாய்.

அன்றிலிருந்து அது நம் இருவரின் வேலையானது. எண்பதாவது நாள் தாண்டியதும் போன் அடிக்கும். அன்றைக்கு மட்டும் நான் கடையில் ஆட்களைக் கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டு உன்னைக் கூப்பிடுவேன். பாஸ்போர்ட் எண் இருக்கிறது, பெயர் இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் நிறுத்தி, “விலாசம் அதேதானலே?” என்பேன். “அதேதான்க்கா” என்பாய். பழைய விண்ணப்பத்திலிருந்து அந்த ஊர் எழுத்தை அப்படியே எடுத்து ஒட்டுவேன். ஓர் எழுத்துக்கூட எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த வரி எங்கே தொடங்கி எங்கே முடியும், நடுவில் எந்த எழுத்து வாத்து மாதிரி வளைந்திருக்கும் என்பதெல்லாம் கண்ணுக்குப் பழகிவிட்டது. அனுப்பிய பிறகு ஒரு மணி நேரம் பேசுவோம். மற்ற நாட்களில் ‘சாப்பிட்டியா, சாப்பிட்டேன்’தான். நாம் உண்மையிலேயே பேசியது அந்தத் தொண்ணூறுகளில்தான்.

ஒரு நாள் அந்த வரியை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். தெருவே வந்தது. மூன்று மாடிக் கட்டடம், இரும்புக் கதவு, மேலே ஒரு பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ராஜபாளையத்தில் வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “அந்த நீலச் சட்டை அவனுதுதான். போன பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்தது” என்றாள். உனக்கு ஒருநாளும் நான் இதைச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு உன் ஞாபகம் வரும்போதெல்லாம், “அந்த வீட்டக் காட்டு” என்பாள். காட்டுவேன். இன்றைக்கும் கேட்கிறாள். இன்றைக்கும் காட்டுகிறேன்.

நீ கடைசியாக வந்தபோது மெலிந்திருந்தாய். “சாப்பாடு ஒத்துக்கிடல” என்றாய். பகலெல்லாம் தூங்கினாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் அய்யனார் கோவிலுக்குப் போனோம். முந்தின வாரம் மழை பெய்திருந்ததால் அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. குளித்துவிட்டுப் பாறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, நீ தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாய்.

“யக்கா, ஒரு விலாசத்துல இருக்கேன்னு சொல்லிட்டு வேற எடத்துல இருந்தா என்ன செய்வாக?”

நான் அந்தக் கணத்தில் உன் அக்காவாக இல்லை, கடைக்காரியாக இருந்தேன். “அதெல்லாம் பெரிய தப்புலே. மாட்டுனா விசாவே போயிரும். யாரு, ஒன் பிரெண்டு யாரும் அப்படி இருக்கானா? அவங்கூடச் சேராத” என்றேன். வாக்காளர் பட்டியலில் இரண்டு இடத்தில் பெயர் வைத்திருந்தவர் பட்ட பாட்டை வேறு நீட்டி முழக்கினேன்.

நீ, “ஆமா, ஒரு பிரெண்டுதான்” என்றாய். பிறகு துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, “பஸ்ஸு போயிரும், வா” என்றாய்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. “ஏன்லே கேக்க?” என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா, தெரியாது. கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

நீ திரும்பிப் போய், அடுத்த தொண்ணூறும் வந்தது. “அதேதானலே?” என்றேன். “அதேதான்க்கா” என்றாய். அதுதான் நான் உனக்காகக் கடைசியாக அனுப்பியது.

அதற்கு ஒரு மாதம் கழித்து ஒரு நாள் நீ போனை எடுக்கவில்லை. முதல் நாள் நான் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டாம் நாள் அனுப்பிய செய்தி போய்ச் சேரவில்லை. உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பேசினேன். நீண்ட விடுமுறை, யாரும் எடுக்கவில்லை. உன்னோடு வேலை பார்த்த கேரளத்துக்காரர் பென்னி சாரின் நம்பர் மட்டும்தான் என்னிடம் இருந்தது. அவரும் லீவில் ஊருக்கு வந்திருந்தார். “பேடிக்காதீங்க சேச்சி, பயப்பட ஒண்ணுமில்ல, ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போறேன், நேரா வீட்டுக்கே போய்ப் பாக்கிறேன்” என்றார். நான் உன் விலாசத்தை அவருக்கு அனுப்பினேன். அதே வரி. வாத்து மாதிரி வளைந்த எழுத்தோடு.

அந்த நாட்களில் நான் பஸ்ஸில் திருவில்லிபுத்தூர் போனேன், கடையைத் திறந்தேன், ஆதாருக்கும் ரேஷன் அட்டைக்கும் படிவம் அடித்தேன், சாயங்காலம் திரும்பினேன். அம்மா வாசலிலேயே நின்று, “பேசுனானா?” என்பாள். “பரீச்சைத் தாள் திருத்துதானாம்மா” என்று சொல்லிவைத்தேன். ஊராருக்கெல்லாம் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துக் கொடுத்தவள் நான். எனக்கென்று ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. கிளம்பிப் போய்ப் பார்ப்போம் என்று நினைக்கக்கூட வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பென்னி சார் கூப்பிட்டார். தெருவிலிருந்து பேசினார், பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

“சேச்சி, இங்க அவன் இல்ல.”

“வெளிய போயிருப்பான் சார். பக்கத்துல கேளுங்க.”

“கேட்டேன். ரெண்டு வருசமா இங்க வேற ஆளுங்கதான் தாமசிக்கிறாங்க.”

எனக்குப் புரியவே இல்லை. “கதவு நம்பர் சரியாப் பாருங்க சார், நான்தான அடிச்சேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு சொன்னார். அந்த வீட்டின் மாடிப்படியில், விளம்பரத் தாள்களுக்கு நடுவே, போலீஸ் கொண்டு வந்து கொடுத்த கடிதம் ஒன்று பிரிக்காமல் கிடந்ததாம். மேலே உன் பெயர். பிரித்தால் உள்ளே ஆஸ்பத்திரியின் பெயர்.

நீ சாலையில் மயங்கி விழுந்திருக்கிறாய். தலையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். போன் நொறுங்கிவிட்டது. பையில் பாஸ்போர்ட் நகல் இருந்திருக்கிறது. அதை வைத்து, நீ எங்கே குடியிருப்பதாக அரசாங்கத்தில் பதிந்திருக்கிறது என்று பார்த்து, அங்கே ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விதிப்படி செய்திருக்கிறார்கள். திருவில்லிபுத்தூரில் உட்கார்ந்து நான் அடித்த விலாசத்துக்குப் போயிருக்கிறார்கள்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய். பென்னி சார் அங்கே போனது பதினோராம் நாள்.

கடைசிவரை நினைவு இருந்ததா என்று அவரைக் கேட்கச் சொன்னேன். முதல் நான்கைந்து நாள் கண் திறந்து பார்த்தாய் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாளாம். பேச்சு வரவில்லையாம். ஆள் வரும் சத்தம் கேட்டால் கதவுப் பக்கம் திரும்புவாயாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

உன்னை ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. ஒரு தாளுக்கு இன்னொரு தாள் வேண்டும் என்றார்கள், அதற்கு வேறொரு தாள். ஊருக்கெல்லாம் தாள் தேடிக் கொடுக்கிறவளுக்கு அந்தக் கட்டு அவிழவில்லை. அம்மாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னேன். அவள் அழவில்லை. “அங்கயே செய்யச் சொல்லு. பெட்டிக்குள்ள வச்சு எங்கிட்ட கொண்டாராத” என்றாள். பென்னி சார்தான் கொள்ளி வைத்தார். பின்னர் அவர் ஊருக்கு வந்தபோது நான் செங்கோட்டை வழியாகப் போய் உன்னை வாங்கி வந்தேன். பாபநாசத்தில் கரைத்தோம்.

இறப்புச் சான்றிதழிலும் அதே விலாசம்தான் ஏறியிருக்கிறது. மாற்ற முடியுமா என்று பென்னி சார் மூலம் கேட்டுப் பார்த்தேன். நீ வேறிடத்தில் இருந்தாய் என்று அந்த இடத்தின் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் போடமாட்டார். வெளிநாட்டுக்காரனைக் குடிவைத்ததை அவர் அலுவலகத்தில் சொல்லவே இல்லை. நீ மாற்றாமல் இருந்ததற்குக் காரணமும் அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. கூட இருந்த நண்பர் ஊர் திரும்பிவிட்டார், தனியாளாக அந்தப் பழைய வீட்டை வைத்துக்கொள்ள முடியவில்லை, கிடைத்த இடத்தில் போய் இருந்துவிட்டாய். நேரில் போய் மாற்ற வேண்டுமென்றால் புது வீட்டுக்காரரின் தாள் வேண்டும். அதை அவர் தரவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதை எங்களிடம் சொல்வதில் என்ன வெட்கம் உனக்கு? கேட்டுவிட்டு நானே யோசிக்கிறேன். பாறை மேல் உட்கார்ந்து சொல்லத்தானே வந்தாய்.

அம்மாவிடம் இதை மட்டும் நான் சொல்லவில்லை. ஒரு நாள் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் போனை வாங்கி, அந்தப் பால்கனியை விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டேன்.

கடைக்கு வருகிறவர்களிடம் இப்போது நான் கூடுதலாக ஒன்று கேட்கிறேன். வெளியூரில் மகன், வெளிநாட்டில் மருமகன் என்று யாராவது சொன்னால், “கார்டுல இருக்கது இருக்கட்டும். இப்ப எங்க படுத்து எந்திரிக்காக? கேட்டியளா?” என்பேன். சிலர் கோபப்படுகிறார்கள். “ஒனக்கு எதுக்குத் தாயி அதெல்லாம்?” என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். ஒருத்தி மட்டும் கடையிலிருந்தே மகளுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவள் கேட்டு முடிக்கும்வரை நான் படிவத்தை அடிக்காமல் காத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் விசாரித்து உன் அறையைக் கண்டுபிடித்துக் காலி செய்யப் போனபோது பென்னி சார் எனக்காக ஒரு படம் எடுத்து அனுப்பினார். வழியை வாயாலும் சொன்னார். நான் தமிழில் எழுதிக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். சந்தைக்குப் பின்னால் மூன்றாவது சந்து. மோட்டார் பட்டறை. அதன் பக்கவாட்டில் இரும்புப் படி, பதினாறு படிகள். ஏறினால் இடது கைப் பக்கம் இரண்டாவது கதவு. கதவுக்கு நம்பர் கிடையாது. எந்தப் படிவத்திலும் இதை யாரும் இனிமேல் கேட்கப் போவதில்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

அக்கா